சொல்லாமல் டிக் போட்ட நாலாவது விஷயம்

போன வாரம் ஜெரினா போன் போட்டாள். என் சீனியர் காதர் மைதீன் வக்கீலின் மகள். அவர் காலமான பிறகு உத்தமபாளையத்தில் அதே ஆபீஸை அவள்தான் நடத்துகிறாள்.

"முத்தையாண்ணே, விபத்துக் கேஸுன்னு வர்ற குடும்பத்துக்கெல்லாம் முதல் நாளே கையில ஒரு தாள் குடுத்துரலாம்னு பாக்குறேன். என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு. ஒரு பக்கம் போதும். உங்களவிட இதெல்லாம் யாருக்குத் தெரியும்? எழுதித் தாங்கண்ணே" என்றாள்.

ஒரு பக்கமாம்! எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். மூன்று விஷயம் கடகடவென்று எழுதிவிட்டேன். நாலாவதை எழுதக் கை போகவில்லை. அதனால்தான் ஒரு பக்கம் கேட்ட பிள்ளைக்கு இத்தனை பக்கம் எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டினாலும் சரி.

வக்கீல் குமாஸ்தாவுக்கு ரிட்டையர்மெண்ட் என்று ஆர்டர் யாரும் கொடுப்பதில்லை. முழங்கால் தேய்ந்து கோர்ட் படியேற முடியாமல் போகிற அன்றைக்கு அதுவாக வந்துவிடும். எனக்கு இரண்டு வருஷம் முன்பு வந்தது. அதுவரை முப்பத்தைந்து வருஷம் அந்த ஒரே ஆபீஸ். சேர்ந்த புதிதில் கட்டு தூக்கினேன், வாய்தா தேதி குறித்தேன், ஸ்டாம்பு ஒட்டினேன், டைப் படித்தேன், எல்லோரிடமும் திட்டு வாங்கினேன். இதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. எல்லா குமாஸ்தாவும் அப்படித்தான் ஆகிறான்.

நான் தொழில் கற்றது சீனியரிடம். எங்கள் ஆபீஸில் பாதிக்கு மேல் விபத்து நஷ்டஈட்டுக் கேஸ்கள். மீதி உயில், பாகப்பிரிவினை, வாரிசுத் தகராறு. கம்பம் பள்ளத்தாக்கில் இந்த இரண்டும் தனித்தனி இல்லை. விடியற்காலையில் ஊர் ஊராக ஜீப்புகள் நின்று பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போகும். சாயந்திரம் இறங்கி வரும். சில நாள் இறங்கி வராது. அன்றைக்கு அடிபட்டவர்கள் நஷ்டஈட்டுக்கு வருவார்கள், செத்தவர்களின் பிள்ளைகள் வாரிசுச் சான்றிதழுக்கு வருவார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

சீனியர் குரல் உயர்த்திப் பேசமாட்டார். அடிபட்டவர் எதிரே உட்காரவும் மாட்டார். நின்றுகொண்டே கேட்பார். "அவுக நிக்க முடியாமக் கெடக்காக, நான் எதுக்குச் சாஞ்சு உக்காரணும்?" என்பார். ஆனால் கேள்வி கேட்டால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். பொய் சொன்னவரை விடமாட்டார், நம் கட்சிக்காரராக இருந்தாலும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு ஜீப் கவிழ்ந்து பதினான்கு பேர் ஆஸ்பத்திரியில். போலீஸ் எஃப்.ஐ.ஆரில் பார்த்தால் ஒன்பது பேர்தான். என்னவென்று விசாரித்தால், புகார் கொடுத்த அம்மாளுக்கு டிரைவர் அக்கா மகன். ஒன்பது பேருக்கு மேல் ஏற்றியது தெரிந்தால் பையனுக்கு லைசென்ஸ் போய்விடும் என்று இந்தம்மா ஒன்பதோடு நிறுத்திக்கொண்டது. கூத்து என்னவென்றால், அந்த ஒன்பதில் அதன் பேரே இல்லை! டிரைவரைக் காப்பாற்றுகிற அவசரத்தில் தன்னையே ஜீப்பிலிருந்து இறக்கிவிட்டது. கை ஒடிந்து கட்டுப் போட்டுக்கொண்டு ஆபீஸில் வந்து நிற்கிறது, கேஸ்படி அது அன்றைக்கு ஜீப்பிலேயே இல்லை.

சீனியர் கோபப்படவில்லை. ஆபீஸ் பெஞ்சுகளை எதிரெதிரே போடச் சொன்னார். என்னை முன்னால் ஒரு நாற்காலியில் டிரைவராக உட்கார வைத்தார். "ஆத்தா, அன்னைக்கு எப்புடி உக்காந்திருந்தீகளோ அப்புடியே உக்காருங்க" என்றார். நடமாட முடிந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். யார் மடியில் யார், யார் கால் வெளியே தொங்கியது, யார் தூக்குச்சட்டி யார் மேல் இடித்தது என்று ஒரே சத்தம். "நீ எங்கன உக்காந்த, பின்னாடில்ல தொத்திட்டு வந்த!" என்று சண்டை வேறு. அப்படியே ஒவ்வொருவர் பேரும் இடமும் எழுதி, அதை வைத்தே பதினான்கு பேரையும் ஜீப்பில் ஏற்றினார் மனுஷன். அன்று முதல் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஜீப் எதைப் பார்த்தாலும் உள்ளே தலை எண்ணுவேன். இன்றைக்கும் எண்ணுகிறேன்.

முதல் நாள் பேச்சு என்று ஒன்று அவர் வைத்திருந்தார். கேஸ் எடுத்தவுடன் ஆஸ்பத்திரிக்கே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டிய நாலு விஷயம். டைப் அடித்த தாளில் நாலு கட்டம். ஒவ்வொன்றும் சொல்லி முடித்ததும் டிக் போட வேண்டும், கீழே சொன்னவர் கையெழுத்து. முதலாவது, ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் எழுதுகிற விபத்துப் பதிவேட்டின் நகலை உடனே வாங்குங்கள். இரண்டாவது, மருந்துச் சீட்டு, பில், எக்ஸ்ரே எதையும் தூக்கிப் போடாமல் ஒரே பையில் வையுங்கள். மூன்றாவது, இன்சூரன்ஸ்காரர் என்று யார் வந்து எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நாலாவது கஷ்டமானது. உயிர் போகிற நிலைமை வந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும். போஸ்ட்மார்ட்டம் செய்யாமல் உடலை வாங்காதீர்கள்.

எங்கள் பக்கம் வழக்கம் தெரியாதவர்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். இங்கே டாக்டர் கையை விரித்துவிட்டால் உடனே ஆம்புலன்ஸ் பிடித்து, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். உயிர் வீட்டில்தான் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் போனால் அறுத்துப் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பார்கள் என்று பயம். "முழுசாப் போகட்டும்" என்பார்கள். சாமி, சாதி, மதம் எது மாறினாலும் இதில் மட்டும் எல்லோரும் ஒன்று.

சட்டம் வேறு மாதிரி இருக்கிறது. அடிபட்டவர் கேஸ் நடக்கும்போதே இறந்துபோனால், அந்த அடியால்தான் இறந்தார் என்று காட்டியாக வேண்டும். காட்டினால் கேஸ் மரணத்துக்கான நஷ்டஈடாக மாறி, வாரிசுக்குப் போகும். காட்ட முடியாவிட்டால் அவர் பட்ட வேதனைக்கும் இழந்த பிழைப்புக்கும் கேட்டதெல்லாம் அவரோடு சேர்ந்து செத்துப்போகும். மருந்துச் செலவு மாதிரி கொஞ்சம்தான் மிஞ்சும். இப்போது மேல்கோர்ட்டுகள் இதைத் தாராளமாகப் பார்க்கின்றன என்று ஜெரினா சொல்கிறாள். அப்போது அப்படி இல்லை.

சீனியரின் சொந்த அண்ணன் பஸ்ஸிலிருந்து விழுந்து நாலு மாதம் கிடந்து இறந்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்று சாயந்திரம் அசர் தொழுகைக்குள் அடக்கம் செய்துவிட்டார்கள். கேஸ் நிற்கவில்லை. "எங்க மதினி கடைசி வரைக்கும் வீட்டு வீட்டுக்குப் அரிசிப் பத்திரி சுட்டுக் குடுத்துச்சு முத்தையா. சட்டம் படிச்ச நான் பக்கத்துல நின்னு அண்ணன் மையித்தத் தூக்குனேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதற்குப் பிறகுதான் அந்த நாலாவது கட்டம். யார் முகம் எப்படிப் போனாலும் அவர் சொல்லிவிடுவார். படுத்திருப்பவர் காதில் விழும்படியே சொல்வார். எனக்கு அது பிடிக்காது. என்ன மனுஷன் இவர், உயிரோடு இருக்கிறவர் முன்னால் பிணத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று உள்ளுக்குள் பொருமுவேன்.

பேச்சியம்மாள் கேஸ் வந்தபோது சீனியருக்குக் காய்ச்சல். "நீ போய்ச் சொல்லிட்டு வந்துரு" என்று தாளைக் கொடுத்தார்.

பேச்சியம்மாளுக்கு அனுமந்தன்பட்டி. ஐம்பதைத் தாண்டிய வயது. இருபது வருஷமாக ஏலக்காய் எடுக்க ஜீப் ஏறிய கால். கம்பம்மெட்டு வளைவில் ஜீப் உருண்டு முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்தாயிற்று. ஒரே மகன் ஈஸ்வரன் திருப்பூரில். வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிசயம். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது பாண்டீஸ்வரி. பேச்சியம்மாளின் தங்கை மகள். தங்கை இறந்ததும் மூன்று வயதிலிருந்து இவர்தான் வளர்த்தார். பாண்டீஸ்வரி அப்போது பிளஸ் டூ. பெரியாத்தா பெரியாத்தா என்று உயிரை விடுவாள்.

நான் தாளை விரித்து முதல் மூன்றையும் சொன்னேன். டிக், டிக், டிக். பாண்டீஸ்வரி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். நாலாவதுக்கு வாயைத் திறந்தேன். அந்தம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தம்பி, நான் பொழச்சுக்கிருவேன்ல?"

"அதெல்லாம் நல்லாயிரும்க்கா" என்றேன்.

பேனா கையில் இருந்தது. நாலாவது கட்டத்திலும் டிக் போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன். வெளியில் வைத்து அந்தப் பிள்ளையிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். பதினேழு வயசுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது, பிறகு பார்க்கலாம் என்று பஸ் ஏறிவிட்டேன். அந்தப் பிறகு வரவே இல்லை.

கொஞ்ச நாளில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளை பெரியம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, பவுடர் போட்டு, பள்ளிக்கூடம் போய் வந்தாள். மூத்திரப் பையை மாற்றக்கூட நர்ஸிடம் பார்த்துப் பழகிக்கொண்டாள். "இவ கைக்கு நர்ஸு வேலைதான்" என்று ஊரே சொன்னது. பேச்சியம்மாளுக்கும் அதே ஆசை.

ஒருநாள் ஆள் அனுப்பி உயில் எழுத வேண்டும் என்றது. சீனியரும் நானும் போனோம். அவர் வழக்கம் போல நின்றுகொண்டே கேட்டார்.

"என்ன இருக்கு ஆத்தா, யாருக்கு எழுதணும்?"

"இந்த வீடும், கேஸுல வர்றதும் இவளுக்கு. கோர்ட்டுல சொல்லி வாங்கிக் குடுங்கய்யா. இவ நர்ஸுக்குப் படிக்கணும். வெள்ளை உடுப்புப் போடணும். எம்புட்டுக் கஷ்டம் வந்தாலும் இவ ஜீப்பு ஏறக் கூடாது. அம்புட்டுத்தான் எனக்கு."

"மகனுக்கு?"

அந்தம்மா யோசித்தது. மூலையில் ஆணியில் தொங்கிய தூக்குச்சட்டியைக் காட்டியது. விபத்தில் ஒரு பக்கம் நசுங்கியது. "அந்தச் சட்டிச் சோத்தத் தின்னுதான வளந்தான். அத அவனுக்கு எழுதுங்க. ஒண்ணுமில்லன்னு ஆகக் கூடாதுல்ல, பெத்த புள்ள."

நான் சிரித்துவிட்டேன். சீனியர் சிரிக்கவில்லை. "ஒரு பக்கம் நசுங்கிய எவர்சில்வர் தூக்குச்சட்டி ஒன்று" என்று உயிலில் எழுதச் சொன்னார். இரண்டு சாட்சி, டாக்டர் சான்று எல்லாம் முறையாக. பேச்சியம்மாளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ரேகை வேண்டாம் என்று சொல்லி, தலையணை வைத்துத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அட்டையில் தாளை வைத்து, பேர் முழுசும் எழுதியது. எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது. அதுவரை அட்டையைச் சீனியரே பிடித்துக்கொண்டார்.

வெளியில் வந்ததும் என்னிடம், "உயில் இருக்கு. ஆத்தா போனாலும் இந்தப் புள்ள வாரிசாக் கேஸுக்குள்ள வரலாம். ஆனா அந்த நாலாவது விஷயமும் இருந்தாத்தான் இது நிக்கும். புள்ளகிட்டத் தெளிவாச் சொல்லிட்டேல்ல?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேன் சார்" என்றேன்.

பொய் சொன்னவரைக் கண்டுபிடிக்கிற மனுஷன், என்னை நம்பினார்.

அடுத்த வருஷம் படுக்கைப்புண் ஆழமாகிவிட்டது. சர்க்கரை வேறு. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்போது ஆடி மாதம். அன்றைக்குச் சனிக்கிழமை மாதிரி குச்சனூர் சனி கோயிலுக்குக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது என்று ஞாபகம். ஆனால் கோர்ட் இருந்தது, ஆகவே வெள்ளியாக இருக்க வேண்டும். பாருங்கள், கிழமை மறந்துவிட்டது. போனில் பேசியது ஒரு எழுத்துகூட மறக்கவில்லை.

முற்பகல். சீனியர் கோர்ட் ஹாலுக்குள் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார். நான் வெளி வராந்தாவில் அடுத்த கேஸ் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, பாண்டீஸ்வரி பேசுறேன். டாக்டரு இனிமே ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாக. எல்லாரும் வீட்டுக்குக் கொண்டுபோயிரலாம்னு சொல்றாக. பெரியாத்தா கண்ணு முழிச்சு, வீட்டுக்குப் போவமாத்தான்னு கேட்டுச்சு. கொண்டுபோகவா மாமா?"

கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தேன். அவளே திரும்பவும் கேட்டாள்.

"கேஸுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

கேட்டாள். அந்தப் பிள்ளை கேட்டாள்! அழுதுகொண்டே, ஆனால் புத்தி தெளிவாகக் கேட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் சீனியர் நிற்கிறார். பத்து நிமிஷம் பொறு ஆத்தா, சாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம்.

எனக்குப் பிணவறை வாசல் ஞாபகம் வந்தது. கேஸ் காகிதத்துக்காக எத்தனை தடவை அங்கே நின்றிருப்பேன். வெள்ளைத் துணியில் இறுக்கிக் கட்டி, முகம் மட்டும் தெரிகிற மாதிரி வெளியே கொண்டுவருவார்கள். அந்தப் பிள்ளை அங்கே தனியாக நிற்பதை நினைத்தேன். வீட்டுக்குப் போவமா என்று கேட்ட மனுஷியைப் போகாதே, இங்கேயே சாவு என்று சொல்லச் சொல்வதா? அந்த நிமிஷம் நான் நல்லவனாக இருக்க ஆசைப்பட்டேன். வேறு ஒன்றுமில்லை. நல்லவன் என்று பேர் வாங்க ஆசை.

"கூட்டிட்டுப் போத்தா. கேஸ நாங்க பாத்துக்கிறோம்" என்றேன்.

டாக்டர் சொல்லுக்கு மாறாக எங்கள் விருப்பப்படி அழைத்துப் போகிறோம் என்ற தாளில் பாண்டீஸ்வரி கையெழுத்துப் போட்டாள். மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வாயில் பால் ஊற்றினார்களாம். இறங்கியதாம். பொழுது சாயும் முன்பு போய்விட்டது. மறுநாள் காலையில் எரித்துவிட்டார்கள். மகன் திருப்பூரிலிருந்து வந்து கொள்ளி வைத்துவிட்டு மூன்றாம் நாளே பஸ் ஏறினான்.

நான் சீனியரிடம் எரித்த பிறகுதான் சொன்னேன். போன் வந்ததையும் சொன்னேன், டிக் போட்டதையும் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அடிப்பார், போடா வெளியே என்பார் என்று நின்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டை எடுத்து வரச் சொன்னார். அந்தத் தாளில் இருந்த என் கையெழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ள உன்னையக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சார்."

அவ்வளவுதான். மறுபடியும் அதைப் பேசவே இல்லை. ஆனால் அன்றிலிருந்து முதல் நாள் பேச்சுக்கு என்னை அனுப்பவே இல்லை. காய்ச்சலாக இருந்தாலும், பிறகு நெஞ்சுவலி வந்தபோதும், ஆட்டோ பிடித்து அவரே போனார். நான் வாசலில் நிற்பேன். அவர் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருவார். அடித்திருந்தால் எவ்வளவோ தேவலை.

கேஸை அவர் விடவில்லை. உயிலைக் காட்டி பாண்டீஸ்வரியை உள்ளே கொண்டுவந்தார். மகனுக்கும் நோட்டீஸ் போனது, அவன் வரவில்லை. சிகிச்சை செய்த டாக்டரைக் கூண்டில் ஏற்றினார். நல்ல டாக்டர்தான், உள்ளதைச் சொன்னார். படுக்கைப்புண் விபத்தினால் வந்தது, சரி. அதிலிருந்து கிருமி ரத்தத்தில் பரவியிருந்தது, சரி. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் எழுந்தார்.

"அவர் எதனால் இறந்தார் என்று நீங்கள் பார்த்தீர்களா?"

"இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்."

"சர்க்கரை வியாதி இருந்தது. மாரடைப்பாகவும் இருந்திருக்கலாம்?"

"போஸ்ட்மார்ட்டம் இல்லாமல் நான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது."

போஸ்ட்மார்ட்டம் இல்லாமலே வேறு சான்றுகளை வைத்து ஜெயித்த கேஸ்கள் உண்டு. சீனியர் அதையெல்லாம் எடுத்துச் சொன்னார். இந்தக் கேஸில் எடுபடவில்லை. விபத்தால் மரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. மருந்துச் செலவு மட்டும் வந்தது. அது வாங்கிய கடனுக்கே காணவில்லை. சீனியர் மதுரைக்கு அப்பீல் போகலாம் என்றார். பாண்டீஸ்வரி வேண்டாம் என்றாள். "பெரியாத்தா எதுனால செத்துச்சுன்னு இன்னொரு வாட்டி ஆளாளுக்குப் பேசுவாக. என்னால உக்காந்து கேக்க முடியாதுய்யா." கும்பிட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கும் என்னிடம், "வர்றேன் மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவளுக்கு நாலாவது விஷயம் என்று ஒன்று இருந்ததே தெரியாது. நான் சொல்லவில்லை. சீனியரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் இறந்தபோது உத்தமபாளையத்துப் பள்ளிவாசல் வரைக்கும் சந்தூக்குப் பெட்டிக்குப் பின்னால் நடந்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை என்பது நடக்கும்போதுதான் உறைத்தது.

அப்புறமும் வருஷங்கள் போயின. இப்போது ஜெரினா தாளைக் கேட்டாள். நாலாவது விஷயத்தை ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுப்பதற்கு முன்னால், அதைக் கேட்க வேண்டியவள் காதில் போட வேண்டும் என்று தோன்றியது. நேற்று விடியற்காலையில் முதல் பஸ்ஸில் அனுமந்தன்பட்டிக்குப் போனேன். ஏன் அந்த நேரம் என்றால், அவளை வீட்டில் பார்க்க அந்த நேரம்தான் என்று சொன்னார்கள். வீட்டில்கூட இல்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பொம்பளைகளோடு நின்றாள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குச்சட்டி. சட்டி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

"வாங்க மாமா! இம்புட்டு வெள்ளன எங்கன இங்கிட்டு?" என்று ஓடிவந்தாள். நான் சட்டியையே பார்ப்பதைக் கவனித்துவிட்டாள். "உயில்படி இது ஈஸ்வரண்ணனுக்குள்ளது. வந்து கேட்டாகன்னா குடுத்துருவேன்" என்று சிரித்தாள்.

தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். டிக் போட்டது, போனில் சொன்னது, சட்டம் என்ன, தீர்ப்பு ஏன் அப்படி வந்தது, எல்லாம். நான் அழுதுவிட்டேன். அறுபத்தைந்து வயசு ஆம்பளை நடுரோட்டில் நின்று அழுதேன். அவள் அழவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் வேண்டாம்னு சொல்லியிருந்தாலும், பெரியாத்தா கேட்ட கேள்விக்கு நீ வீட்டுக்குத்தான் கொண்டு வந்திருப்ப, இல்லையாத்தா?" என்றேன். ஆமாம் என்று அவள் சொல்ல வேண்டும் என்று ஆசை. பாருங்கள், அப்போதும் எனக்கு வேண்டியதைத்தான் கேட்டேன்.

 பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"இல்ல மாமா. நீங்க சொல்லியிருந்தா ஆஸ்பத்திரியிலயே இருந்திருப்பேன். அதுக்குத்தான போன் போட்டேன்" என்றாள்.

ஜீப் வந்து நின்றது. "வர்றேன் மாமா, உடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். பின்பக்கம் இடமில்லை. யாரோ கைகொடுத்தார்கள், தூக்குச்சட்டியை முன்னால் நீட்டிக் கொடுத்துவிட்டு ஏறித் தொற்றிக்கொண்டாள். நான் எண்ணினேன். அவளோடு பதினாறு.